லேசர் கோடும் நூல் கோடும்: வீடு கட்டுவோர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் சிமென்ட் விலையைப் பற்றிக் கேட்டவர்களைவிட, செயலி, லேசர், கேமரா, டிரோன் பற்றிக் கேட்டவர்களே அதிகம். எங்கள் பொறியாளர் குழுவின் பதில்கள் இதோ.

கே: எங்கள் மனை 30க்கு 40 அடி. மூலைக்கல் ஒன்றைக் காணவில்லை. ‘செல்போனிலேயே ஜி.பி.எஸ். ஆப் இருக்கிறது, அதை வைத்து மூலையைப் பிடித்துவிடலாம்’ என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா? — வாசகி, நாமக்கல்

வேண்டாம். வெட்டவெளியில் நின்றாலும் செல்போன் ஜி.பி.எஸ். 3 முதல் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். பக்கத்தில் மாடி வீடு இருந்தால் இன்னும் மோசம். உங்கள் மனையின் அகலமே 9 மீட்டர் சொச்சம்தான். கல் தொலைந்த மனைக்கு வழி பார்க்க அந்த ஆப் உதவும். எல்லை பிடிக்க உதவாது.

முதலில் உங்கள் மனை அங்கீகரிக்கப்பட்ட லே-அவுட்டில் இருக்கிறதா, கிராமத்து சர்வே எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். லே-அவுட் என்றால் அந்த வரைபடத்தின் அளவுகள்தான் ஆதாரம். சர்வே எண் என்றால் புலப்படம், அதாவது அந்த எண்ணின் எல்லை அளவுகள் கொண்ட வரைபடம் வேண்டும். தமிழக அரசின் இ-சேவை நிலப்பதிவுத் தளத்தில் பட்டாவோடு அதையும் இறக்கிக்கொள்ளலாம். பழைய படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் என்பது 66 அடி. இதை மீட்டர் என்று நினைத்து அளந்து குழம்புகிறவர்கள் உண்டு. தொலைந்த கல்லை முறைப்படி நட, தாலுகா சர்வேயரிடம் அத்து (எல்லை) காட்டச் சொல்லி விண்ணப்பிப்பதுதான் சரி. டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் சர்வே கருவி) வைத்திருக்கும் தனியார் துல்லியமாக அளப்பார். ஆனால் பக்கத்து மனைக்காரர் தகராறு செய்தால் அவர் நட்ட கல் செல்லாது.

எல்லை உறுதியான பிறகு, தூண் மார்க்கிங்குக்கு டோட்டல் ஸ்டேஷன் நல்ல கருவி. தூண் மையங்களை மில்லிமீட்டர் கணக்கில் காட்டிவிடும். தப்பு பெரும்பாலும் கருவியில் வராது, கருவிக்குள் ஏற்றிய படத்தில் வரும். கட்டட வரைஞர் அனுப்பிய கோப்பு இஞ்சிலா மில்லிமீட்டரிலா என்று கேட்காமல் ஏற்றிவிடுவது ஒன்று. படத்தில் இருக்கும் கோடு சுவரின் வெளிமுகமா, தூணின் மையமா என்று பார்க்காமல் விடுவது இன்னொன்று. இரண்டாவதில் 9 இஞ்ச் சுவருக்கு நாலரை இஞ்ச் நகர்ந்துபோகும். அதுவும் எல்லாத் தூணும் ஒரே பக்கம் நகரும் என்பதால் கண்ணுக்கும் தெரியாது.

அளப்பவர் கிளம்பும் முன் மூன்று காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். ஒன்று, டேப்பை எடுத்து மூலைவிட்டம் பாருங்கள். 30க்கு 40 சரியான மூலைமட்டத்தில் இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 50 அடி. ஒன்று 50, மற்றொன்று 49 அடி 9 இஞ்ச் என்றால் மனை கோணல். வீட்டை எந்தப் பக்கத்துக்கு ஒட்டிப் பிடிப்பது என்று அப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டு, வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது முளைக்குச்சி எல்லாம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு தூண் வரிசைக்கும் குழிக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி, சிமென்ட் போட்டு ஆணி வைத்த முளைகள் வேண்டும். மூன்று, மட்டக் குறி. பக்கத்து காம்பவுண்டிலோ வேறு அசையாத கட்டுமானத்திலோ சிவப்பு பெயின்டில் ஒரு கோடு. வேப்பமரத்தில் போடாதீர்கள். வீடு முடியும் வரை பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் எல்லா உயரமும் அந்த ஒரு கோட்டிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும்.

கே: பச்சை லேசர் லெவல் வாங்கினோம். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் தரைமட்டம் அரை இஞ்ச் வித்தியாசம் வந்துவிட்டது. தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் டியூப் லெவலே நல்லது என்கிறார் அப்பா. எது சரி? — கொத்தனார் குடும்ப வாசகர், தேனி

அப்பா சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. தண்ணீர் பொய் சொல்லாது. ஆனால் டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழ் நின்றாலோ, பாதி டியூப் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தாலோ, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டே பார்த்தாலோ தண்ணீரும் பொய்தான் சொல்லும்.

உங்கள் லேசரை இன்றே சோதித்துப் பாருங்கள், பத்து நிமிஷ வேலை. 5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் வேண்டும். கருவியை முதல் சுவருக்கு அரை மீட்டர் பக்கத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். அந்தச் சுவரில் கோடு விழும் இடத்தைக் குறியுங்கள். கருவியை அப்படியே திருப்பி, எதிர்ச் சுவரில் விழும் இடத்தையும் குறியுங்கள். இப்போது கருவியை எதிர்ச் சுவரின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, அங்கே போட்ட குறியில் கோடு சரியாக விழும்வரை ஸ்டாண்டை ஏற்றி இறக்குங்கள். பிறகு முதல் சுவருக்குத் திருப்புங்கள். கோடு பழைய குறியில் விழ வேண்டும். விழாவிட்டால், இரண்டுக்கும் உள்ள இடைவெளி 10 மீட்டர் ஓட்டத்தில் சேர்ந்த பிழை. சாதாரணக் கருவிகளுக்கு 10 மீட்டருக்கு 3 மி.மீ. வரை உற்பத்தியாளரே அனுமதித்திருப்பார். உங்களுக்கு 8, 10 மி.மீ. வந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள். பல பக்கம் கோடு போடும் கருவி என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியே சோதிக்க வேண்டும். ஒரு பக்கம் சரியாக இருந்து அடுத்த பக்கம் கெட்டிருப்பது சகஜம்.

கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பைக். கருவிக்குள்ளே ஒரு ஊசல் தொங்குகிறது. அணைக்கும்போது பூட்டுக் குமிழைத் திருப்பாமல் டிக்கியில் போட்டு 10 கிலோமீட்டர் ஓட்டினால் அது அடிபட்டுக்கொண்டே வரும்.

கருவி சரியாக இருந்தும் அரை இஞ்ச் வந்தால், ஹாலுக்கு ஒருநாள் ஒரு குறி, பெட்ரூமுக்கு மறுநாள் இன்னொரு குறி என்று எடுத்திருப்பீர்கள். எல்லா அறைச் சுவரிலும் ஒரே அமர்வில், முடிந்த தரைக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் கோடு அடித்துவிடுங்கள். டைல்ஸ்காரர், கதவு வைப்பவர், சுவிட்ச் பாக்ஸ் வைப்பவர் மூவரும் அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்தால் போதும். 5 மீட்டருக்கு அப்பால் லேசர் கோடு 2, 3 மி.மீ. தடித்துத் தெரியும். ஒருவர் மேல் விளிம்பிலும் ஒருவர் கீழ் விளிம்பிலும் குறிக்கக் கூடாது, நடுவில் குறியுங்கள்.

இன்னொன்று. லேசர் மட்டத்தைத்தான் காட்டும், வாட்டத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். குளியலறையில் 80க்கு 1 என்றால் 8 அடி நீளத்துக்கு 1.2 இஞ்ச் இறக்கம். கோடு நேராகப் போகிறதே என்று அதற்கு இணையாகவே டைல்ஸ் ஒட்டிவிட்டு, தண்ணீர் வாசலுக்கு வருகிறது என்று புலம்புகிற வீடுகள் லேசர் வந்த பிறகு கூடியிருக்கின்றன.

கே: பொறியாளர் எக்செல் ஷீட்டில் கம்பி 2.1 டன் என்று கொடுத்தார். கம்பி வேலைக்காரர் 2.6 டன் இல்லாமல் முடியாது என்கிறார். யாரை நம்புவது? — வாசகர், கரூர்

இருவருமே அவரவர் கணக்கில் சரியாக இருக்கலாம். எடையை விட்டுவிட்டு இடைவெளியைக் கேளுங்கள். ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம்.

4 மீட்டருக்கு 5 மீட்டர் ஸ்லாப். இரண்டு பக்கமும் 8 மி.மீ. கம்பி, 150 மி.மீ. இடைவெளி. 5 மீட்டர் பக்கத்தில் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) போக 4,960 மி.மீ.; அதை 150ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 34 கம்பி, ஒவ்வொன்றும் வளைவோடு 4.1 மீட்டர். மறுபக்கம் 28 கம்பி, ஒவ்வொன்றும் 5.1 மீட்டர். மொத்தம் 282 மீட்டர். கம்பியின் எடைக்குச் சூத்திரம் எளிது: விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். 8 மி.மீ.க்கு 0.395 கிலோ. ஆக 111 கிலோ சொச்சம்.

இப்போது அதே ஸ்லாபில் ‘அஞ்சு இஞ்சுக்கு ஒண்ணு கட்டினாத்தான் ஸ்ட்ராங்கு’ என்று 125 மி.மீ. இடைவெளியில் கட்டினால் 41 கம்பியும் 33 கம்பியும் ஆகும். மொத்தம் 336 மீட்டர், 133 கிலோ. ஒரே ஒரு இஞ்ச், கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுதல். உங்கள் அரை டன் அநேகமாக இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஷீட்டில் ஒவ்வொரு வரியிலும் விட்டம், இடைவெளி, எண்ணிக்கை, வெட்டு நீளம் நான்கும் தனித்தனிப் பத்தியில் இருக்கிறதா பாருங்கள். ‘ஸ்லாப் கம்பி – 700 கிலோ’ என்று ஒரே வரியில் இருந்தால் அது கணக்கல்ல, மதிப்பீடு. திருப்பிக் கொடுத்து விவரமாகக் கேளுங்கள்.

பொறியாளர் பக்கமும் தப்பு இருக்கலாம். கம்பி 12 மீட்டர் நீளத்தில்தான் வரும். அதற்கு மேல் போகும் இடத்தில் எல்லாம் ஒட்டு, அதாவது இரண்டு கம்பி முனைகளைச் சேர்த்து வைத்துக் கட்டுவது வேண்டும். எம்20 தரக் கான்கிரீட்டில் எஃப்.இ. 500 தரக் கம்பிக்கு, இழுவிசை வரும் இடத்தில் ஒட்டு நீளம் விட்டத்தின் 57 மடங்கு வரை போகும். 16 மி.மீ. கம்பிக்கு அது 3 அடி. அவசரத்தில் போட்ட ஷீட்களில் ஒட்டு, மேல்கம்பியைத் தாங்கும் சேர், படிக்கட்டின் கம்பி மூன்றும் விடுபட்டிருக்கும்.

வெட்டு நீளத்துக்கு வருவோம், இங்கேதான் கணினி தன் கூலியைச் சம்பாதிக்கிறது. 9க்கு 12 இஞ்ச் தூண், அதாவது 230க்கு 300 மி.மீ., கவர் 40. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 8 மி.மீ. ரிங்கின் வெளியளவு 150க்கு 220. நான்கு பக்கமும் சேர்த்து 740. இரண்டு கொக்கிக்கு 160 கூட்டினால் 900. வளைக்கும்போது கம்பி நீளும், அதற்கு 96 கழிக்க வேண்டும். வெட்டு நீளம் 804 மி.மீ. ஆனால் களத்தில் 900 என்றே வெட்டுவார்கள். அப்படி வெட்டினால் ஒரு கம்பிக்கு 13 ரிங், 30 செ.மீ. துண்டு மிச்சம். 804 என்று வெட்டினால் 14 ரிங், 74 செ.மீ. துண்டு மிச்சம். அந்த 30 செ.மீ. பழைய இரும்புக்குப் போகும், 74 செ.மீ. சேராகவும் சன்ஷேட் கம்பியாகவும் மாறும். வெட்டுப் பட்டியலை அடுக்கித் தரும் இலவசச் செயலிகள் உண்டு. 12,000 என்ற நீளத்தையும் தேவையான துண்டுகளையும் கொடுத்தால், எந்தக் கம்பியில் எந்தத் துண்டுகளை எடுப்பது என்று சொல்லிவிடும். அதை அச்செடுத்து கம்பி வெட்டும் மேசையில் ஒட்டுங்கள். செல்போனிலேயே இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கம்பி வந்து இறங்கும்போது தொங்கு தராசில் 8 மி.மீ. கம்பி பத்து எடை போடுங்கள். முழு 12 மீட்டர் என்றால் 47.4 கிலோ இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 10 மி.மீ. வரையிலான கம்பிக்கு 7 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. 44 கிலோவுக்குக் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள். கம்பி எடை குறைந்தால் அதே டன்னில் எண்ணிக்கை கூடும், ஷீட்டும் களமும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

கே: 1,000 சதுர அடி ரூஃபுக்கு 12 கன மீட்டர் ரெடிமிக்ஸ் சொன்னோம். கடைசியில் ஒரு கன மீட்டர் பற்றவில்லை. செல்போனுக்கு வந்த பேட்ச் ரசீதில் 12 என்றுதான் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? — வாசகர், செங்கல்பட்டு

குற்றம் சாட்டும் முன் உங்கள் சென்ட்ரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகத் தளம்) சந்தேகப்படுங்கள். 1,000 சதுர அடி, 5 இஞ்ச் கனம் என்றால் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். சென்ட்ரிங் ஷீட் சராசரியாக அரை இஞ்ச் தாழ்ந்திருந்தால், அந்த அரை இஞ்சே 1.18 கன மீட்டரை விழுங்கிவிடும். உங்களுக்குப் பற்றாதது கிட்டத்தட்ட அவ்வளவுதான். தவிர, ஸ்லாபுக்குக் கீழே தொங்கும் பீம் பகுதியை 12க்குள் கணக்கிட்டீர்களா? ரூஃபில் இனி துளை போட்டுப் பார்க்க வேண்டாம். ஃபேன் கொக்கி, சிங்க் பைப் போகும் துளைகளில் கனத்தை அளந்தாலே தெரிந்துவிடும். அடுத்த மாடிக்கு, கம்பி கட்டும் முன்பே லேசரை வைத்து, சென்ட்ரிங்கில் 2 மீட்டருக்கு ஒரு புள்ளியாக மட்டம் எழுதிக்கொள்ளுங்கள்.

ரசீதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. அதில் சிமென்ட், சாம்பல், 20 மி.மீ. ஜல்லி, 12 மி.மீ. ஜல்லி, எம்-சாண்ட், தண்ணீர், ரசாயனம் ஒவ்வொன்றுக்கும் ‘இலக்கு’, ‘உண்மை’ என்று இரண்டு எடைகள் இருக்கும். சிமென்ட் 2 சதவீதமும் மற்றவை 3 சதவீதமும் மாறலாம். ‘உண்மை’ப் பத்தியை எல்லாம் கூட்டி, கன மீட்டரால் வகுங்கள். சுமார் 2,400 கிலோ வர வேண்டும். 6 கன மீட்டர் வண்டி என்றால் 14.4 டன். சந்தேகம் இருந்தால் வண்டியை வழியில் உள்ள எடைமேடையில் ஏற்றி, கொட்டிவிட்டுத் திரும்பும்போதும் ஏற்றுங்கள். வித்தியாசம் 14 டன்னுக்கு நன்றாகக் கீழே இருந்தால் அப்போது சண்டை போடலாம். இரண்டு எடைச் சீட்டும் கையில் இருக்கும்.

அளவைவிட நான் அதிகம் பார்ப்பது நேரத்தை. ரசீதில் ஏற்றிய நேரம் இருக்கும். அதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். ஜி.பி.எஸ். இணைப்பு அனுப்புகிற நிறுவனம் என்றால் வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அடுத்த வண்டியை எப்போது விடச் சொல்வது என்பதும் தெரியும். தாமதமாகி இறுகிவிட்டால் ஓட்டுநர் வண்டியில் இருக்கும் தண்ணீரைத் திறந்துவிடுவார். 6 கன மீட்டரில் 100 லிட்டர் தண்ணீர் என்பது ஒரு கன மீட்டருக்கு 17 லிட்டர். 320 கிலோ சிமென்டுக்கு 160 லிட்டர் என்ற கலவை 177 லிட்டராகும். தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.50இலிருந்து 0.55. எந்த டிஜிட்டல் ரசீதிலும் இந்த 100 லிட்டர் ஏறாது. குழாயின் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

வலுவைச் சோதிக்க அதே கான்கிரீட்டில் கியூப் (கனசதுரக் கட்டி) எடுப்பதை விட்டுவிடாதீர்கள். 6 முதல் 15 கன மீட்டர் வரையிலான வேலைக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப் என்பது விதி. 7ஆம் நாள் பார்க்க வேண்டுமென்றால் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டுக்குள் புதைத்து வெப்பநிலையைச் செல்போனுக்கு அனுப்பும் சென்சார்கள் வந்திருக்கின்றன. வெப்பத்தையும் நேரத்தையும் வைத்து வலுவைக் கணிக்கும். ஆனால் அதே கலவையில் முன்கூட்டியே கியூப் உடைத்து வரைபடம் போட்டிருந்தால்தான் அந்தக் கணிப்புக்கு மதிப்பு. ஒரு வீட்டுக்கு அது தண்டச் செலவு. நாலரை மீட்டருக்கு உட்பட்ட ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்ற பழைய கணக்குப்படி பிரியுங்கள். பி.பி.சி. (சாம்பல் கலந்த போசலானா) சிமென்ட், குளிர்காலம் என்றால் இரண்டு மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: 3டி வீடியோ ஒன்று கொடுத்து, ‘இது பி.ஐ.எம்.’ என்று தனியே கட்டணம் கேட்கிறார்கள். உண்மையா? — வாசகி, கோவை

ஒரு ஜன்னலை ஓர் அடி அகலமாக்கச் சொல்லுங்கள். ஜன்னல் பட்டியல், முன்தோற்றம், குறுக்குவெட்டு, செங்கல் எண்ணிக்கை நான்கும் தானாக மாறினால் அது பி.ஐ.எம். என்னும் கட்டடத் தகவல் மாதிரி. ‘ரெண்டு நாள் டைம் குடுங்க’ என்றால் அது படம். படத்துக்குப் படத்தின் விலை கொடுங்கள். மாதிரி என்று சொன்னால் ஐ.எஃப்.சி. கோப்பாக ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை வேறு மென்பொருளிலும் திறக்கலாம்.

மருத்துவமனை, மெட்ரோ நிலையம் போன்றவற்றில் இந்த முறை காசை மிச்சப்படுத்துகிறது. பைப், டக்ட், கேபிள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டுவதைக் கட்டும் முன்பே காட்டிவிடும். உங்கள் வீட்டுக்கு முழு மாதிரி வேண்டியதில்லை. நான்கு இடத்தில் மட்டும் முட்டல் பார்க்கச் சொல்லுங்கள்: மாடிக் கழிப்பறையின் 4 இஞ்ச் பைப் பீமைத் துளைக்கிறதா, படிக்கட்டில் தலை இடிக்கிறதா, தாழ்ந்த ஸ்லாபின் அடிப்பக்கம் கீழ் அறையின் எங்கே வருகிறது, ஏ.சி. தண்ணீர்க் குழாய்க்கு வாட்டம் கிடைக்கிறதா.

இதைவிடப் பெரிய நஷ்டம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. கடந்த மாதம் அனுப்பிய படத்தைப் பார்த்து மேஸ்திரி கட்டிக்கொண்டிருப்பார், நேற்று மாற்றிய படம் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே கிடக்கும். வரைபடத்துக்கென்று தனிக் குழு வையுங்கள். அதில் பொறியாளர் மட்டும் பதிவிடட்டும். கோப்பின் பெயரிலேயே திருத்த எண்ணும் தேதியும் இருக்கட்டும். புகைப்படமாக அனுப்பினால் எண்கள் மங்கும், பி.டி.எஃப். ஆவணமாக அனுப்புங்கள். புதுப் படம் வந்த அன்றே களத்தில் உள்ள பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள்.

கே: சுயசான்று முறையில் வீட்டிலிருந்தே உடனடியாகக் கட்டட அனுமதி வாங்கலாமாமே? — வாசகர், மதுரை

ஆம், தமிழகத்தில் 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் உள்ள குடியிருப்புக்குப் பொருந்தும். ஒற்றைச்சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் ஏற்றி, கட்டணம் செலுத்த வேண்டும். சிக்குவது இரண்டு இடத்தில். பத்திரத்தில் ஒரு பரப்பு, பட்டாவில் வேறு பரப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அடுத்தது, ‘உடனடி’ என்பதால் யாரும் பார்க்கவில்லை என்று எல்லையை ஒட்டி விட வேண்டிய பக்க இடைவெளியை விழுங்குவது. சுயசான்று என்றால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

கே: துபாயில் இருக்கிறேன், சிவகங்கையில் வீடு வேலை நடக்கிறது. கேமரா வைத்தால் வேலையைக் கண்காணித்துவிடலாமா? — வாசகர்

ஆள் வந்தாரா, சிமென்ட் மூட்டை வெளியே போகிறதா, ரூஃபில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கலாம். கடைசியாகச் சொன்னதற்காகவே வைக்கலாம். பி.பி.சி. சிமென்டுக்கு 10 நாள் நனைக்க வேண்டும். மூன்றாம் நாளே பாத்தி காய்ந்து கிடப்பதைக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பிக்குக் கீழே கவர் பிளாக் இருக்கிறதா என்பது அந்த உயரத்திலிருந்து தெரியாது. அதற்குக் கைப்படம்தான். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு அறைக்கும் மூன்று படம் அனுப்பச் சொல்லுங்கள். முதலில் முழு அறை. அடுத்து, கம்பியின் மேல் டேப்பை நீட்டி, எண் தெரியும்படி இடைவெளி. பிறகு ஓரத்தில் கவரை அளக்கும் படம்: ஸ்லாபுக்கு 20, தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. டேப் இல்லாத படத்தை ஏற்காதீர்கள். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் 6 இஞ்சும் 8 இஞ்சும் ஒன்றுபோலவே இருக்கும். பூச்சுக்கு முன் சுவரில் பதித்த மின்குழாய், தண்ணீர்க் குழாய்களையும் இதேபோல டேப்போடு எடுத்து வைத்தால், பத்து வருஷம் கழித்து அலமாரி மாட்டத் துளை போடும்போது பயன்படும்.

சிம் கார்டுக் கேமரா என்றால் டேட்டாவைக் கவனியுங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் ஏற்றினாலே நாளொன்றுக்கு 10.8 ஜி.பி. ஆகும். 128 ஜி.பி. மெமரி கார்டில் பதியவிட்டு, தேவைப்படும்போது மட்டும் பாருங்கள்.

கே: 3டி பிரிண்டரில் வீடு அடிக்கிறார்களாமே, கொஞ்சம் பொறுத்துக் கட்டலாமா? — வாசகி, திருச்சி

பொறுக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் ‘த்வஸ்தா’ நிறுவனம் அச்சிட்ட 600 சதுர அடி வீடு 2021இல் திறக்கப்பட்டது. பெங்களூர் கேம்பிரிட்ஜ் லே-அவுட்டில் எல் அண்ட் டி கட்டிய 1,021 சதுர அடி அஞ்சலகம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இரண்டும் நன்றாகவே நிற்கின்றன. ஆனால் இயந்திரம் பெரும்பாலும் அச்சிடுவது சுவரைத்தான். வயரிங், பிளம்பிங், கதவு, டைல்ஸ் எல்லாம் பழையபடி ஆள் வேலை. ஒரு வீட்டுச் செலவில் சுவரின் பங்கு எவ்வளவு என்று உங்கள் எஸ்டிமேட்டிலேயே பாருங்கள். அடுக்குக்கு மேல் அடுக்கு வைக்கும்போது இடையில் நேரம் கடந்தால் இரண்டும் சரியாகப் பிடிக்காது. வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் வீடு வேண்டிய இடத்தில், தொழிற்சாலையில் வார்த்து வந்து பூட்டும் பிரீகாஸ்ட் முறைதான் இப்போதைக்குக் கைகொடுக்கிறது. சென்னை பெரும்பாக்கத்தில் 2022இல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் அப்படிக் கட்டியவை.

கே: பள்ளமான 40க்கு 60 மனையை 3 அடி உயர்த்த வேண்டும். லாரிக் கணக்கில் நம்பிக்கை இல்லை. டிரோன் வைத்து மண்ணை அளக்கலாமா? — வாசகர், தஞ்சாவூர்

ஐந்தரை சென்டுக்கு டிரோன் எதற்கு? பல ஏக்கர் லே-அவுட், குவாரி, ஏரித் தூர்வாரல் என்றால் சரி. அங்கேயும் தரையில் அளந்து வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இல்லாமல் பறந்தால் உயரக் கணக்கு நம்பும்படி இருக்காது. புல் முளைத்திருந்தால் புல்லின் தலையைத்தான் தரை என்று எடுத்துக்கொள்ளும். 250 கிராமுக்கு மேற்பட்டது என்றால், 2 கிலோவுக்கு உட்பட்ட டிரோனாக இருந்தாலும், தொழில்முறையில் பறக்கவிடுபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும்.

உங்களுக்கு ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) ஒரு மணி நேர வாடகை போதும். மண் கொட்டும் முன் 10 அடிக்கு ஒரு புள்ளியாக மட்டம் எடுத்து, காம்பவுண்டில் போட்ட நிலையான குறியோடு ஒப்பிட்டு எழுதுங்கள். கொட்டித் தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டிய பிறகு அதே புள்ளிகளில் மறுபடி எடுங்கள். சராசரி வித்தியாசம் 3 அடி என்றால் 7,200 கன அடி, அதாவது 72 யூனிட் இறுகிய மண். லாரியில் வருவது தளர்ந்த மண். அது இறுகும்போது 20 முதல் 25 சதவீதம் குறையும் என்பதால் 90 முதல் 96 யூனிட் வரை லாரிக் கணக்கு வருவது நியாயம். 110 என்றால் கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் பேசும்போதே ‘லாரிக் கணக்கில் இல்லை, ரோலர் ஓட்டிய பின் மட்டக் கணக்கில் பணம்’ என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஒரே தடவையில் 3 அடியும் கொட்ட விடாமல் முக்கால் அடிக்கு ஒரு முறை நனைத்து ரோலர் ஓட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மட்டக் கணக்கு முதல் மழையிலேயே மாறிவிடும்.